பதினாறில் ஒன்றைத்தான் சோதித்தேன்

புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு உன் அம்மா இறந்த செய்தி எனக்கு வந்தது, மகன். பட்டறைச் சுவரில் இருக்கிற மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. எங்களோடு அலுமினியத் தகடு அடிக்கிற போர்த்துக்கீசக்காரன் ஜோவாக்கிம் என் முன்னால் வந்து நின்றான். கையில் மரச்சுத்தியல். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாங்கள் செய்த கார் மரத்தில் மோதிவிட்டது, ஓட்டிப்போன முதலாளி பத்ரிஸ் உயிரோடு இருக்கிறான், றெஜினா இல்லை என்று சொன்னான். நான் வெல்டிங் முகமூடியைக் கழற்றி, காஸைப் பூட்டி, கையுறையை மடித்து வைத்துவிட்டு அவனுடைய வான் வண்டியில் ஏறினேன். காஸைப் பூட்ட மறக்கவில்லை என்பதை நினைத்து இன்றுவரை என்னை நானே வெறுக்கிறேன்.

அந்த இடத்தில் நான் கண்டதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பிளேன் என்கிற நிழல்மரம் நிற்கிற நேரான றோட்டு, முடிவில் மட்டும் ஒரு மெல்லிய வளைவு. கார் அந்த வளைவில் திரும்பாமல் நேரே போயிருக்கிறது. மரம் அம்மா இருந்த பக்கத்தால் உள்ளே வந்திருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியம் நசுங்குவதில்லை, கிழிகிறது. கிழிந்தால் அதன் விளிம்பு இறைச்சிக் கடைக் கத்தி. பொலிஸ்காரர் என்னைத் தடுத்தார்கள். தடுக்க முதல் நான் பார்த்துவிட்டேன். ரத்தம் கதவின் கீழால் புல்லில் இறங்கியிருந்தது. அம்மா தைத்த இருக்கை மட்டும் அப்படியே இருந்தது, ஒரு தையல்கூட விடவில்லை. நான் அழவில்லை. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வருகிற எண்ணூறு கிலோ எடைக்கு எவ்வளவு விசை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. நீ அடைபட்டிருக்கிற இடத்துக்கு ஒரு பிரதி வரும். இன்னொன்றை, பாரிஸில் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் இருக்கிற யூட் மாமாவின் மரக்கறிக் கடையில் கொடுக்கிறேன். உன் அம்மாவின் அண்ணன் அவர், வாறவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பல் முழுக்க உன்னைப் பற்றித்தான் கதை. அந்தக் கதையை நடக்க விட்டவன் நான், அதனால் எல்லோர் முன்னாலும்தான் அதை நிறுத்த வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அம்மா உன்னை இழுத்துக்கொண்டு போனதால் நீ எழுத்துக் கூட்டியாவது வாசிப்பாய். மெதுவாக வாசி, மகன். பாதியில் கிழிக்காதே.

போன கிழமை அந்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். தலைமயிர் வெட்டுகிற கடைக்காரன் உள்ளே வந்தான்.

“என்னண்ணை, பெடியனை விடுவாங்களோ?”

நான் தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற இன்னொருவன் சொன்னான்: “விட்டா என்ன, விடாட்டி என்ன. ஆம்பிளையெண்டா அவன்தான். தாயைக் கொன்றவன்ர கையை உடைச்சுப்போட்டுத்தானே உள்ள போயிருக்கிறான்.”

“அதுசரி, நீங்கள் இன்னும் அந்த வெள்ளையனிட்டத்தான் வேலைக்குப் போறியளாம். ரோசம் எண்டு ஒண்டும் இல்லையோ அண்ணை?” என்றான் மயிர் வெட்டுகிறவன்.

யூட் மாமா தராசிலிருந்து தலை நிமிர்த்தினார். “வாயைப் பொத்திக்கொண்டு தக்காளியை எடுங்கோடா. உனக்கு மயிர் வெட்டத் தெரிஞ்ச அளவுக்குத்தான் நியாயமும் தெரியும். உன்னட்ட வெட்டினவன் எவன் இரண்டாந்தரம் வந்தவன்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மயிர் வெட்டுகிறவன் திரும்பவும் கேட்டான், “பெடியன் செய்தது சரிதானே அண்ணை?” நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இந்தக் கடிதம்.

நீ என்ன செய்தாய் என்பதைக் கமெராப் பதிவில் பொலிஸ் எனக்குக் காட்டியது. பத்ரிஸ் வேகமாக ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்று நிபுணரின் அறிக்கை வந்த மறுநாள், நீ என் பெட்டியிலிருந்த இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பொபினிக்கு அப்பால் இருக்கிற பட்டறைக்குப் போனாய். முதலில் ஜோவாக்கிம் அரைவாசி முடித்து வைத்திருந்த காரின் உடம்பு. முந்நூறு மணித்தியாலம் ஒரு மனிதன் தட்டித் தட்டி எடுத்த வளைவுகள். நீ நாற்பத்தொரு அடி அடித்தாய், எண்ணினேன். பிறகு பத்ரிஸ் அலுவலகத்துக்குள்ளிருந்து வந்தான். தோள் எலும்பு பொருந்தி அப்போதுதான் கட்டு அவிழ்த்திருந்தான். நீ அவனைத் தலைமயிரில் பிடித்து மேசையோடு அழுத்தி, வலது கையை விரித்து வைத்து மூன்று தரம் அடித்தாய். பதிவில் சத்தம் இல்லை. அவனுடைய வாய் மட்டும் திறந்திருந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு விரல்கள் கையுறையில் மணல் நிரப்பியது போலக் கிடந்தன.

உன்னைப் பார்க்க வந்தபோது நீ சொன்னாய், “மற்றக் கையும் இருக்குதுதானே அப்பா. வெளியில வந்து அதையும் உடைப்பன்.” நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? “சாப்பிட்டனியே?” என்று கேட்டேன். நீ பிரெஞ்சில் ஓம் என்றாய். இருபது நிமிடம் சாப்பாட்டைப் பற்றியே கதைத்துவிட்டு எழும்பி வந்தேன். நீ உடைக்க வேண்டிய கை அந்த மேசையில், உனக்கு முன்னால், பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் தொழில் எப்படி உயிர் வாழ்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ அதைப் பணக்காரரின் விளையாட்டுச் சாமான் என்று சொல்வாய். ஓம், அதுதான். அறுபது வருடத்துக்கு முந்திய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார், அதைச் செய்த கம்பனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. பத்ரிஸ் அதன் வரைபடங்களையும், தகடு அடிக்கிற மர அச்சையும், பெயரைப் போடுகிற உரிமையையும் வாங்கி வந்தான். வருடத்துக்குப் பதினொரு கார் செய்தோம். பல் வைத்தியர்களும், காணி உறுதி எழுதி ஓய்வு பெற்ற நொத்தாரிசுகளும் முற்பணம் கட்டிவிட்டு இரண்டு வருடம் காத்திருப்பார்கள். கூடச் செய்தால் அதன் பெறுமதி விழுந்துவிடும், ஏனென்றால் அவர்கள் வாங்குவது பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லாததை. குறையச் செய்தால் வாடகைக்கே காணாது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட இருக்கிற இடம் ஒரு சாண். ஒன்பதாவது ஆளின் முற்பணத்தில்தான் ஆறாவது ஆளின் காருக்கு அலுமினியம் வாங்குவோம். ஒரு கார் ஒரு மாதம் பிந்தினால் பின்னால் நிற்கிற எல்லாம் சரியும்.

பெரிய கம்பனி ஒரு பாகத்துக்கு அச்சுச் செய்கிற செலவை இலட்சம் காருக்குப் பங்கிடும். நாங்கள் பதினொன்றுக்குப் பங்கிட வேண்டும். அதனால் இரும்பு அச்சு இல்லை, மர அச்சில் வைத்து எல்லாம் கை வேலை. புதுக் காரை ஓடவிட முதல் பெரியவர்கள் சுவரில் மோதிச் சோதிப்பார்கள். சின்ன எண்ணிக்கை செய்கிற எங்களுக்குச் சட்டம் அதை விட்டுக் கொடுக்கிறது. பதினொன்றில் இரண்டை மோதி உடைத்தால் என்ன மிஞ்சும்? மோதும்போது விரிகிற காற்றுப் பலூன் இல்லை, கதவுக்குள் காப்புக் கம்பி இல்லை. வாங்குகிறவர்கள் அதைத்தான் அசல் என்று தடவிப் பார்ப்பார்கள். இருக்கை தைக்கிற கம்பனி எதுவும் பதினொரு சோடிக்குச் சம்மதிக்கவில்லை. அப்போது நான் பத்ரிஸிடம் சொன்னேன், என் மனைவி ஃபொபூர் சேன்-தெனியில் சாறிச் சட்டை தைக்கிறாள், அவளால் தோலும் தைக்க முடியும் என்று. அம்மாவை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

அம்மாவுக்கு அங்கே பிடித்திருந்தது. முதல் காரைப் பார்த்ததும், “இஞ்சாருங்கோ, இது என்ன காரோ, குளிக்கிற தொட்டியோ? இதுக்கு இவ்வளவு காசோ? வெள்ளையளுக்கு விசர்” என்றா. பிறகு யாரையும் தோலில் கை வைக்க விடமாட்டா. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம், கார் கைமாற முதல் கடைசி ஓட்டத்துக்குப் போகும்போது இருக்கை தைத்தவர் பக்கத்தில் இருந்து போக வேண்டும். தோல் கிறீச்சிடுகிறதா, தையல் இழுபடுகிறதா என்று உடம்பால் பார்க்க வேறு வழி இல்லை. அந்த வருடம் முடிந்த ஏழு காரிலும் அம்மா போனா, தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு. ஏழாவதிலிருந்து வரவில்லை.

இனி நான் செய்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பலைச் சக்கரச் சில்லுக்குக் கொண்டுபோக ஒரு இரும்புக் கை இருக்கிறது, ஒரு சாண் நீளம், ஒவ்வொரு முன் சில்லுக்கும் ஒன்று. பழைய கார்களில் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்தார்கள். எங்களுக்கு அதைச் செய்து தந்த இங்கிலாந்துப் பட்டறை மூடப்பட்டது. மற்றவர்கள் ஐநூறுக்குக் குறையச் செய்ய மாட்டோம் என்றார்கள். எங்களுக்கு வருடத்துக்கு இருபத்திரண்டு போதும். முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கலாம், ஒன்றுக்கு ஒரு நாள் இயந்திரம் வேண்டும், மூன்று கார் பிந்தும். பத்ரிஸ் என்ன செய்வோம் என்று கேட்டான். அவன் சுருக்குவழி கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தகட்டை வெட்டி வெல்ட் பண்ணிச் செய்யலாம், கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னவன் நான். கணக்கு சரி. இன்றைக்கும் சரி. கணக்கில் வெல்டிங் நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறு செய்தேன். ஏழு காருக்குப் பதினான்கு, இரண்டு மேலதிகம். வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எக்ஸ்-றே ஊடுகதிரில் பார்க்க வெளியே அனுப்ப வேண்டும். நான் ஒன்றை அனுப்பினேன். அது நன்றாக இருந்தது. பதினாறுக்கும் கையெழுத்து வைத்தேன். நான் படித்த முறை அது, மகன். தொழிற்பயிற்சி பெரிய தொழிற்சாலையில் செய்தேன். அங்கே ஒரு தொகுதியில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதும், ஏனென்றால் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் செய்யும். கையால் செய்வதில் தொகுதி என்று ஒன்று இல்லை. பதினாறும் பதினாறு வேலை. ஒன்று காலை வெளிச்சத்தில், ஒன்று பசியில், ஒன்று உன்னைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த போனை எடுத்துப் பேசிவிட்டு. பெரிய கம்பனியில் வரைகிறவன் வேறு, ஒட்டுகிறவன் வேறு, பார்த்துக் கையெழுத்து வைக்கிறவன் வேறு. எங்களுக்கு மூன்று பேருக்குச் சம்பளம் கட்டாது, மூன்றும் நான்தான். என்னைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. சின்னப் பட்டறைகளின் மலிவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் பத்ரிஸ் என்னிடம் சொன்னான், பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “நான் வேகமாகப் போகவில்லை. ஸ்டியரிங் என் கையில் திரும்பியது. சில்லு திரும்பவில்லை.” பிறகு அவன் சொன்னான், “வேகம் என்று சொல்கிறேன். வேகமென்றால் மாட்டுவது நான் மட்டும். பாகமென்றால் நீ, பட்டறை, எல்லோரும். உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான்.” பட்டறையைக் காப்பாற்றத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்பது உண்மை. என்னைக் காப்பாற்றவும் சொன்னான் என்பதும் உண்மை. அதை அப்படியே பொலிஸில் சொன்னான். நீ அந்த மனிதனுடைய கையைத்தான் உடைத்தாய். உடைந்த பிறகும் அவன் வாய் திறக்கவில்லை.

அறிக்கையில் உடைந்த பாகத்தின் படம் இருந்தது. மரத்தில் மோதியதால் முறிந்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி புது இரும்பாக மின்னியது. மற்றப் பாதி கறுப்பு. கறுப்பென்றால் அங்கே இரும்பு ஒருபோதும் இரும்போடு சேரவில்லை, மேலே மட்டும் வடிவான ஒரு கோடு. நீ சுத்தியலோடு போனது அதற்கு அடுத்த நாள் காலை. இரவு முழுக்க அந்தப் படத்தை வைத்துக்கொண்டு குசினி அடுப்படியில் இருந்தேன். நீ விடிய என்னைக் கடந்துதான் வெளியே போனாய். உன் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

உனக்கு அடிக்கப் பழக்கியவனும் நான். பதினைந்து வயதில் லா சப்பல் மெத்ரோ வாசலில் நீ ஒருத்தனின் பல்லை உடைத்தாய் என்று பொலிஸ் கூப்பிட்டது. சார்செல்லில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினேன். யார் தொடங்கியது என்று கேட்கவில்லை. அம்மா நடுவில் வந்து விழுந்தா, கொளுக்கி அவவின் மணிக்கட்டில் பட்டுத் தோல் பிளந்தது. “ஏனப்பா, முதல்ல கேளுங்கோவன்! அடிச்சுப்போட்டே கேக்கிறது?” என்று கத்தினா. அந்தக் கிழமை முழுக்கக் கட்டுப் போட்ட கையோடு தைத்தா. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெடியன் ஒரு சின்னப் பிள்ளையின் போனைப் பறித்திருக்கிறான், நீ பிடுங்கிக் கொடுக்கப் போயிருக்கிறாய். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கே.எவ்.சி கோழி வாங்கித் தந்தேன். ஆளைக் கேட்காமல் அடிக்கிற அந்த வேலையை என்னிடமிருந்துதான் நீ எடுத்துக்கொண்டு போனாய். என்னிடமிருந்து எடுத்த மற்றது எதையும் வைத்துக்கொள். இதை விடு. யார் செய்தது என்று சரியாகத் தெரிந்த பிறகும் விடு. இப்போது உனக்குச் சரியாகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, மேலதிகமாக இருந்த இரண்டையும் இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தேன். ஒன்று நல்லது. மற்றதில் அதே கறுப்பு. அப்போதுதான் மற்றக் கார்கள் எனக்கு முன்னால் வந்து நின்றன. ஆறு கார், பன்னிரண்டு இரும்புக் கை. இந்தக் கார்களை மாரிக் குளிரில் யாரும் எடுப்பதில்லை, துணி போர்த்து கராஜில் விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது மார்ச், வெயில் வரத் தொடங்கிவிட்டது. பத்ரிஸிடம் சொன்னேன். அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, “மெதுவாகச் செய்வோம். சேர்விஸ் என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது” என்றான். யூட் மாமா பிடித்துத் தந்த வழக்கறிஞரும் ஏறக்குறைய அதையே சொன்னார்: மகனின் வழக்கு செவ்வாய்க்கிழமை, அம்மாவைக் கொன்றவன் என்ற கோபத்தில் செய்தான் என்றால் நீதிபதி இரங்குவார், அந்தக் கோபத்தையும் நீங்கள் பறித்துவிட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்? மாமா என் கையைப் பிடித்தார். “மச்சான், செவ்வாய் மட்டுக்கும் பொறு. பெடியன்ர வாழ்க்கை. செத்தவள் திரும்பி வரப்போறாளே?”

செவ்வாய் வரை பொறுப்பதா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டியிருந்தது, கார்கள் றோட்டுக்கு வர முதல் கேட்க நேரம் இல்லை. உனக்குக் கூடுதல் சிறைக்காலம் கிடைக்கலாம், மகன். என்னால் கிடைக்கலாம். ஒன்றும் செய்யாத ஒருவனுடைய கையை உடைத்தாய் என்று எழுதுவார்கள். உன்னைக் கேட்காமல் உன் தலையில் அதை வைக்கிறேன், திரும்பவும் கேட்காமல்தான். ஆனால் அறியாமல் வெறுத்துக்கொண்டு நீ வெளியே வந்து அவனுடைய மற்றக் கையைத் தேடிப் போவதைவிட, அறிந்து என்னை வெறுத்துக்கொண்டு உள்ளே இருப்பது உனக்கு நல்லது என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம். என் கையெழுத்து எனக்கு இப்போது நம்பிக்கை தருவதில்லை.

இன்று காலை எட்டு மணியிலிருந்து கார் வாங்கிய ஆறு பேருக்கும் நானே போன் எடுத்தேன். ஐந்து பேர் என்னைத் திட்டினார்கள், அவர்களில் ஒருத்தர் வழக்குப் போடுவேன் என்றார், நல்லது, போடுங்கள் என்றேன். கடைசியாக நோர்மண்டியில் ஒரு பல் வைத்தியர். அவர் சிரித்தார்: “முடியாது மெஸ்யூ, சனிக்கிழமை என் மகளை அதில் வைத்துத்தான் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பூவெல்லாம் சொல்லியாகிவிட்டது.” என் மனைவி அந்தக் காரின் இருக்கையைத் தைத்தவள், அதே மாதிரிக் காரில் உங்கள் மகள் இருக்கப்போகிற பக்கத்தில் இருந்து செத்தாள், பாகத்தைச் செய்தவன் நான் என்று சொன்னேன். பிறகு அவர் திறப்புச் சாவியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு, கை கழுவுகிற தொட்டியில் போய் வாந்தியெடுத்தேன்.

இப்போது பதினொன்றரை. அறுத்த இரண்டு துண்டும், நான் கையெழுத்து வைத்த தாளும் ஒரு பையில் இருக்கின்றன. விசாரணை நீதிபதியின் அலுவலகத்துக்கு இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வீட்டுக்கு வருவேனா தெரியாது, சார்செல் வீட்டுத் திறப்பை மாமாவிடம் கொடுக்கிறேன். பத்ரிஸ் விடாமல் போன் எடுத்துக்கொண்டிருக்கிறான். பிறகு வழக்கறிஞர். பிறகு மாமா, பிறகு திரும்பவும் பத்ரிஸ். ஒவ்வொருவரும் எனக்கு நல்லதைத்தான் சொல்வார்கள், இன்னும் ஒரு தரம் கேட்டால் நான் போகாமல் இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். போனை நிறுத்திவிட்டேன்.